நன்றி சொல்லக் கூடாத வீடு

சிக்கரி கலந்த டிக்காஷன் இறங்கும் வாசனை. போன வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். டெக்சாஸின் சுகர் லேண்டில் எங்கள் சமையலறையில் நான் மட்டும் நின்றிருந்தேன். ஃபில்டரைக் கழுவி சிங்க் ஓரத்தில் கவிழ்த்தாகிவிட்டது. கணவர் ஆபீசில், மகள் பள்ளியில், அடுப்பு ஆறிக் கிடந்தது. ஆனாலும் வாசனை வந்தது. கருகலுக்கு ஒரு நொடி முன்னால் நிறுத்திய வறுவல், அதன் அடியில் சிக்கரியின் மண் கசப்பு. கூடவே சொட்டுச் சத்தம். ஒரு சொட்டு விழுந்து, அடுத்தது விழலாமா என்று யோசித்து, பிறகு விழுகிற அந்த நிதானம்.

குழாயைப் பார்த்தேன். இறுக்கித்தான் மூடியிருந்தது.

இடது புருவத்துக்கு மேலே தழும்பு இருக்கும் இடம் மெல்லச் சுட்டது. காபி இவ்வளவு நிதானமாகச் சொட்டும் வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுதான். இங்கிருந்து நான்கு மணி நேரம் காரில் போக வேண்டும், லூசியானாவில் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். சுவரில் மாட்டிய பழைய போன் அது, எந்த மூலையில் தொங்குகிறது என்பதுகூட எனக்குத் தெரியும். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

போன வருடம் கோடையில் அந்த ஊருக்குப் போனேன். ஒரு மருத்துவமனையின் பழைய பதிவுகளைப் புது மென்பொருளுக்கு மாற்றுகிற ஒப்பந்த வேலை, ஆறு மாதம். திங்கள் அதிகாலை ஃப்ரீவேயில் கிழக்கே ஏறினால் வெள்ளி சாயங்காலம் வீடு திரும்புவேன். மாநில எல்லையான சபீன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலையோர வரவேற்புப் பலகை பிரெஞ்சில் பேச ஆரம்பிக்கும். வெளிநாட்டுக்குள் இன்னொரு வெளிநாடு. தெருப் பெயர், இறைச்சிக்கடைப் பலகை, தேவாலயத்து வாசகம் எல்லாவற்றிலும் பிரெஞ்சு இருந்தது. பேசுகிற வாய்களைத்தான் காணோம். மொழி ஊரை விட்டுப் போய்விட்டது, சட்டை மட்டும் கொடியில் தொங்குகிறது என்று முதல் வாரம் நோட்டில் எழுதினேன். மூன்றாவது வாரம் அதை அடித்துவிட்டு, போகவில்லை, பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று எழுதினேன்.

பின்கட்டில்தான் நானும் இருந்தேன். எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவரின் மரவீட்டில், பின்பக்கத்து அறை வாடகைக்கு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் வேறு ஊர்களில். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முதல் நாள் காலை கண் திறக்கும் முன்பே டிக்காஷன் வாசனை வந்து, வீட்டில்தான் படுத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டேன். கண்ணைத் திறந்தால் தெரியாத கூரை. உடம்பு ஓரிடத்திலும் மூக்கு வேறிடத்திலும் இருக்கிற அந்த ஒரு நிமிஷம் நடுக்கமாக இருந்தது. எழுந்து போனால், அடுக்களையில் பெரியவர் நின்றுகொண்டு, நம் ஃபில்டருக்குத் தூரத்து உறவு போலிருந்த ஓர் ஈரடுக்குப் பாத்திரத்தில் வெந்நீரைக் கரண்டி கரண்டியாக விட்டுக்கொண்டிருந்தார். ஒரு கோப்பையை என் பக்கம் நகர்த்தி, "ஷா" என்றார்.

அன்று போனில் கணவரிடம் சொன்னேன்.

"வீட்டுக்காரர் காபி போட்டுக் குடுத்தார்."

"எந்த வீட்டுக்காரர்? நான் இங்கதானே இருக்கேன்."

"ஹவுஸ் ஓனர்ப்பா."

"அப்படித் தெளிவா சொல்லு. வயசானவனுக்கு ஹார்ட் அட்டாக் குடுக்காத."

"என்னை ஷான்னு கூப்பிடறார்."

"குஜராத்தின்னு நினைச்சுட்டாரா?"

அது பிரெஞ்சின் அன்புச் சொல் ஒன்று, அந்த ஊர் வாயில் தேய்ந்து தேய்ந்து ஷா ஆகிவிட்டது என்று பிற்பாடு ஆபீசில் ஒருத்தி விளக்கினாள். எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் யாரைப் பார்த்தாலும் "கண்ணு" என்போமே, அது மாதிரி.

பெரியவர் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். ஆனால் என் காதில் அது தமிழாகவே இறங்கும், அப்படியே எழுதுகிறேன். கோழிகளிடமும் மழையிடமும் அறைக்குள் இல்லாத யாரோடோ பேசுகிறபோதும் மட்டும் பிரெஞ்சு. அந்தப் பேச்சில் இடைவெளிகள் இருக்கும். பதில் வருகிற அளவுக்குச் சரியான இடைவெளிகள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கும்போது எனக்கு முதுகு சில்லிடும். சில இடைவெளிகளுக்குப் பிறகு அவர் சிரிப்பார்.

ஒருநாள் காபிக்கு நடுவே என்னிடமே பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார். நீளமாக. நடுவில் நிறுத்தி, எனக்குப் புரியவில்லை என்றேன்.

"தெரியும். அதனாலதான் உங்கிட்ட பேசறேன்," என்றார்.

பிறகு கொஞ்சம் ஆங்கிலத்தில் சொன்னார். ஒண்ணாம் வகுப்பில் ஒண்ணுக்குப் போக பிரெஞ்சில் அனுமதி கேட்டிருக்கிறார். வேறு மொழி அப்போது தெரியாது. அரிசியைப் பரப்பி அதன் மேல் மண்டி போட வைத்தார்களாம். நானும் சொன்னேன். எங்கள் கான்வென்ட்டில் தமிழ் பேசி மாட்டிக்கொண்டால் கழுத்தில் ஓர் அட்டை மாட்டுவார்கள், அடுத்த ஆள் மாட்டும்வரை அது நம் கழுத்தில்தான். பெரியவர் தன் முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அட்டையில என்ன எழுதியிருந்தது?"

"நான் தமிழ் பேசினேன்னு. இங்கிலீஷ்ல."

அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் கூச்சமில்லாமல் அவரவர் மொழியில் பேசிக்கொண்டோம். அவர் பிரெஞ்சில் ஏதோ சொல்வார், நான் "ஆமாங்க, நேத்து நல்ல மழை" என்பேன்.

என் வீட்டு ஹாலில் மகளிடம் நான் தமிழில் கேட்க, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். அதுவும் இதே மாதிரிதானே என்று தோன்றியபோது, காபி சட்டென்று கசந்தது.

பின்வாசல் படிக்கு ஆட்கள் வருவார்கள். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையில் மரு உள்ள சிறுமியோடு ஒரு தாய், சமையலில் கையைச் சுட்டுக்கொண்ட ஓர் ஆள். பெரியவர் வெளியே போய் அவர்கள் முன் நிற்பார், உதடு அசையும். கொஞ்ச நேரத்தில் வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். ஒரு வார்த்தை கிடையாது. கதவைப் பிடித்தவனுக்கும், பில் கொடுத்தவளுக்கும், லிஃப்டில் பொத்தானை அமுக்கியவனுக்கும் தேங்க் யூ சொல்கிற நாட்டில், இவர்கள் என்ன இவ்வளவு மரியாதை கெட்ட ஜனம் என்று நினைத்தேன். ஆனால் மறுநாளோ அடுத்த வாரமோ படியில் ஒரு பை இருக்கும். வெண்டைக்காய், அரிசி, நண்டு. யார் வைத்தது என்று அவர் கேட்கமாட்டார்.

அக்டோபர் கடைசியில் ஒரு மதியம், சுண்ணாம்பு வாளியோடு வாசலில் நின்று, "வர்றியா?" என்றார். யாருக்கோ வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார் என்று நினைத்து, தை மாச ஞாபகத்தில் நானும் கிளம்பிவிட்டேன். தேவாலயத்துக்குப் பின்னால் போனோம். அந்த ஊரில் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும், அதனால் கல்லறைகளைத் தரைக்கு மேலே கட்டுகிறார்கள். வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், கதவு மட்டும் இல்லை. நவம்பர் முதல் தேதி சகல புனிதர் திருநாள், இறந்தவர்களைப் பார்க்க ஊரே கல்லறைக்கு வரும் நாள், அதற்குள் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்து முடிக்க வேண்டும். மடக்கு நாற்காலி போட்டு, சாண்ட்விச் தின்றுகொண்டு, குடும்பம் குடும்பமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். மூடுபனி அன்று மதியமாகியும் விலகவில்லை. வெள்ளை எது, பனி எது என்று தெரியாத வெளிச்சத்தில் தூரிகைகளின் சரசரப்பு மட்டும் கேட்டது.

அவர் மனைவியின் கல்லறை முன்னால் என் கையில் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைக் கொடுத்தார். கல்லில் வெட்டிய எழுத்துகளுக்குள் படிந்த பாசியை நான் எடுக்க வேண்டும். மனைவி பெயரைத் தேய்த்து முடித்துக் கீழே வந்தேன். அங்கே பெரியவரின் பெயர். பிறந்த வருடம். ஒரு கோடு. அதற்கப்புறம் வழவழவென்று வெறும் கல்.

பிரஷ் நின்றுவிட்டது.

"அந்தக் காலி இடத்தையும் தேய்," என்றார். "அங்கதான் பாசி சீக்கிரம் பிடிக்கும்."

நவம்பர் மூன்றாவது வாரம், திங்கட்கிழமை, நெற்றியில் யாரோ கொள்ளிக்கட்டையால் கோடு இழுத்தது போல ஓர் எரிச்சல். மறுநாள் புருவம்வரை கொப்புளம், மூக்கு நுனியில் ஒன்று. டாக்டர் அந்த மூக்கு நுனிக் கொப்புளத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். அக்கி. கண்ணுக்குப் போகிற நரம்பிலேயே வந்திருக்கிறது. மாத்திரை தந்தார். கருவிழியில் இறங்கிவிட்டால் பார்வை போகலாம், வெள்ளிக்கிழமை கண் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை கார் ஓட்டக்கூடாது.

"நான் இப்பவே கிளம்பி வரேன்," என்றார் கணவர்.

"வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட் இங்கதான். அன்னிக்கு வாங்க. மிச்ச வேலையை வீட்லேர்ந்தே முடிச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"மாத்திரையை மட்டும் ஸ்கிப் பண்ணாத. நெட்ல எதையும் படிக்காத."

"படிச்சுட்டேன்."

 பிறகு மகள் போனை வாங்கினாள். "அம்மா, வில் யூ பி ஏபிள் டு ஸீ?" என்றாள். பார்ப்பேன்டி என்று தமிழில் சொன்னேன். சொன்னதும் இடது கண்ணை மூடி, வலது கண்ணால் அறையைப் பார்த்து, பிறகு வலதை மூடி இடதால் பார்த்தேன். இரண்டு அறைகள். இடது அறையில் எல்லாப் பொருளுக்கும் விளிம்பில் ஒரு பனி. அடுத்த மூன்று நாளும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். ஒரு கண் போனால் உலகில் பாதி போகுமா, இல்லை எல்லாம் இருந்து ஆழம் மட்டும் போகுமா?

சின்ன வயதில் அப்பாவுக்கு இடுப்பில் அக்கி வந்தபோது குயவர் ஒருவர் வந்து காவி கரைத்துக் கோழி இறகால் அதன் மேல் எழுதினார். அக்கிக்கு எழுதுவது என்றுதானே சொல்வோம். என்ன எழுதினார் என்று நான் கேட்டதில்லை.

அந்த நாட்களில் பெரியவர் என் அறையின் கம்பிவலைக் கதவுக்கு வெளியே வந்து நிற்பார். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம். என் நெற்றியையே பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். வலையின் சதுரங்களுக்குப் பின்னால் அந்த முகம், ஏதோ சொல்லத் தடை இருப்பது போல வாய் இறுகி. பிறகு பலகைத் தரை முனக, போய்விடுவார். நான் பயந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். தாழ்ப்பாளைக்கூடப் போட்டேன்.

புதன்கிழமை எதிர்வீட்டு அம்மாள் எனக்கு சூப் கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "அவர்கிட்ட கேக்கலையா நீ?" என்றாள்.

"என்னத்தைக் கேக்கணும்?"

"அட கடவுளே. மந்திரிக்கச் சொல்லித்தான். அவரா வந்து செய்யட்டுமான்னு கேக்கக்கூடாதும்மா. நீ கேட்டாத்தான் அவர் வாயைத் திறக்க முடியும். அதான் மனுஷன் உன் கதவையே சுத்திச்சுத்தி வர்றார்." கிளம்பும்போது வாசலில் திரும்பி நின்றாள். "இன்னொண்ணு. முடிஞ்சதும் தேங்க் யூ சொல்லிடாத. சொன்னா அவ்வளவுதான், செஞ்சது செத்துடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தேங்க் யூ சொல்லாமல் இருக்க ஒரு தமிழச்சிக்குச் சொல்லித்தர வேண்டுமா? நன்றி என்பது நமக்கு மேடையிலும் விண்ணப்பக் கடிதத்தின் கடைசி வரியிலும் இருக்கிற சொல். அமெரிக்கா வந்த புதிதில் அம்மாவிடம் போனில் ஒருதரம் தேங்க்ஸ் சொல்லிவிட்டேன். "ஏன்டி, நான் என்ன அசலா?" என்று கேட்டு, இரண்டு நாள் அவள் சரியாகப் பேசவில்லை.

அன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, அடுக்களைக்குப் போய்க் கேட்டேன். "எனக்குச் செய்யறீங்களா?"

அவர் கையிலிருந்த கரண்டியை மேஜையில் வைத்தார். மூன்று நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டவர் போலத் தோள் இறங்கியது. என்னை நாற்காலியில் உட்கார வைத்து, என் முழுப்பெயர் கேட்டார், அம்மா பெயர் கேட்டார். அந்த இரண்டு தமிழ்ப் பெயர்களையும் பிரெஞ்சுக்குள் வைத்து முணுமுணுத்தார். தொடவில்லை. நெற்றிக்கு ஓர் அங்குலம் முன்னால் அவர் கட்டைவிரல் காற்றில் அசைந்தது. மேலிருந்து கீழ், குறுக்கே, மறுபடி. எழுதுகிறார் என்று உடம்புக்குத் தெரிந்தது. காவியும் இறகும் இல்லாமல், எனக்குத் தெரியாத எழுத்தில். எரிச்சல் ஒரு தேய்பிறை போலக் குறைந்து குறைந்து, ஒரு நூலாகி, அறுந்தது. கோழிகள் கூடச் சத்தம் போடவில்லை. அவர் கையை இறக்கினார். நான் எழுந்தேன். என் கை பட்டுக் கரண்டி தரையில் விழ, அவர் அதைக் குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

"தேங்க் யூ," என்றேன்.

நானா சொன்னேன்? இருபது வருடம் கதவுகளுக்கும் காசாளர்களுக்கும் சொல்லிப் பழகிய நாக்கு, என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அவர் முகம் விளக்கை அணைத்த ஜன்னல் போல ஆனது. உள்ளே போனார். என் நெற்றியில் எரிச்சல் திரும்பி வந்து, விட்ட இடத்தில் சரியாக உட்கார்ந்தது.

வியாழன் காலை காபி வாசனை வரவில்லை. வாசனை இல்லாததால் விழித்துக்கொண்டேன். இடது இமை திறக்க மறுத்தது. விரலால் பிரித்துப் பார்த்தேன், அறையின் பாதி பால் போலக் கலங்கியிருந்தது. நாளைக்கு டாக்டர் என்ன சொல்வார் என்பது இன்றே தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. பெரியவரைத் தேடிப் போனேன். பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். திரும்பினார். அவருடைய இடது கண் சிவந்து, அதிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. இடது மட்டும்.

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

"தூசு," என்றார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னேன். எங்கள் வீடுகளில் அந்த வார்த்தை கிடையாது. அம்மாவுக்குச் சொன்னால் கோபம் வரும். நேற்று நான் சொன்னது என் பாஷையில் இல்லை, அது பள்ளிக்கூடம் போட்ட அட்டை.

நெடுநேரம் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தொண்டைக்குள் ஏதோ உருண்டது. அது சிரிப்பு என்று புரியக் கொஞ்சம் நேரமானது.

"இங்கிலீஷ்லதானே சொன்னே?"

"ஆமா."

"அப்போ அது உள்ளே போயிருக்காது," என்றார். "இதுக்கு இங்கிலீஷ் தெரியாது." இது என்று அவர் எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அன்று இருமுறை எழுதினார், வெள்ளி காலை ஒருமுறை. ஒவ்வொரு முறையும் முடிந்ததும் நான் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். அவர் பின்னால் நின்று சிரிப்பது கேட்டது.

கண் டாக்டர் ரொம்ப நேரம் விளக்கடித்துப் பார்த்தார். கருவிழி தெளிவாக இருக்கிறது, நேரத்துக்கு மாத்திரை போட்டது நல்லதாய்ப் போயிற்று என்றார். கணவரும் காரில் அதையே சொன்னார். "மெடிசின்தான். நீ பாட்டுக்கு வேற எதாவது எழுதிவைக்காத." இருக்கலாம். நான் வழக்காடவில்லை. அந்திப் பொழுதுகளில் மட்டும் என் இடது கண்ணில் இன்றும் ஒரு மெல்லிய வெண்மை படரும். அப்போதெல்லாம் எதிரிலிருக்கிற சுவர் இப்போதுதான் வெள்ளையடித்த மாதிரித் தெரியும்.

இதை எழுதுகிற இன்றைக்கு மறுபடி அக்டோபர் கடைசி. வியாழனிலிருந்து ஐந்து தரம் போன் செய்துவிட்டேன். அடிக்கிறது, எடுப்பவர் இல்லை. எதிர்வீட்டு அம்மாளின் எண்ணை அப்போது வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. நாளை காலை கிளம்புகிறேன். கார் டிக்கியில் வாங்கிப்போட்ட வாளி இருக்கிறது. ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் கல்லில் கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்க வேண்டும் என்று, யாரிடம் கேட்பது என்று தெரியாமல், கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் அந்த வெள்ளிக்கிழமை சாமான்களை ஏற்றி முடித்ததும் பெரியவர் படியில் வந்து நின்றார். கணவர் கை நீட்டிக்கொண்டு அவரை நோக்கிப் போனார். கணவர் வாய் திறக்கிற வடிவத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "அங்கிள், தே..." என்று ஆரம்பிப்பதற்குள் அவர் காலை நன்றாக மிதித்தேன்.

"ஆ. எதுக்குடி?"

"வண்டியில ஏறுங்க. அப்புறம் சொல்றேன்."

பெரியவர் எங்கள் இருவரையும் பார்த்துப் புரிந்துகொண்டு புன்னகைத்தார். அவர் இடது கண் தெளிந்திருந்தது. எனக்குச் சொல்ல ஒரு சொல்லும் இல்லை. இருந்த ஒரே சொல் தடுக்கப்பட்டது. கை கூப்பினேன். வாயில் தானாக வந்தது, இந்த முறை என் நாக்கிலிருந்து.

"போயிட்டு வரேன்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"எங்க ஊர்ல போறேன்னு மட்டும் சொல்லமாட்டோம். போறேன், திரும்பி வரேன்னு சேர்த்துத்தான் சொல்வோம்."

"நிஜமாவே வருவீங்களா, சும்மா சொல்றதா?"

"சொன்னா வரணும்."

அவர் தலையைத் திருப்பி, மரங்களுக்கு அப்பால் தேவாலயத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே வெள்ளை இன்னும் மங்கவில்லை. பிறகு என் இடது கண்ணை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"அப்போ வரும்போது ஒரு வாளி சுண்ணாம்பு வாங்கிட்டு வா, ஷா."